தீபாவளிப் பலகாரமும் சாவக நோன்பும்

 

ஐப்பசித் தேய்பிறை நிறைவுறும் வைகறையில் பாவாபுரியில் வர்த்தமான மகாவீரர் வீடுபேறு எய்தினார். அன்று மாலையே அவருடைய முதற் கணதரராகிய கௌதமர் முழுதுணர் ஞானம் பெற்றார். அந்நாளின் விளக்கு வரிசையைக் கி.பி. 783இல் நிறைவுற்ற ஜினசேனரின் ஹரிவம்ச புராணம் குறிப்பிடுகிறது. வீர நிர்வாண ஆண்டுக் கணக்கும் அத்திருநாளை ஒட்டியே தொடங்குகிறது. இவையெல்லாம் இந்த அவை அறிந்தவையே. ஆனால் அதே நாளில், காலைப் பூசை முடிந்த பின் அடுக்களையிலும் கூடத்திலும் கழியும் நேரத்தைப் பற்றி மேடைகளில் எவரும் பேசுவதில்லை. வீடுபேற்றுத் திருநாளை எண்ணெய்ச் சட்டியோடு சேர்த்துப் பேசுவது தாழ்வு என்று சிலர் கருதக்கூடும். அக்கருத்து பொருந்தாது. துறவிக்குக் கையே கலம். ஒருபொழுது உணவோடு அவர் கடமை முடிந்தது. இல்லறத்தாருக்கோ உறவினரையும் அயலாரையும் அழைத்து உபசரிக்கும் கடமை உண்டு. அவர்கள் ஏற்ற அகிம்சை அணுவிரதம் நாள்தோறும் செயற்படுவது அரிசி களையும் இடத்தில், மாவு சலிக்கும் இடத்தில், தண்ணீர் வடிகட்டும் இடத்தில்.

இன்றைய தீபாவளி விருந்தை ஒரு வீட்டின் வழியாக எண்ணிப் பார்க்கலாம். நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பு. மகன் அலுவலக நண்பர்களையும் உறவினரையும் மாலையில் அழைத்திருக்கிறான். கடையிலிருந்து பலகாரப் பெட்டிகள் வந்து அடுக்கப்பட்டிருக்கின்றன. விருந்தினர் வந்து சேர ஏழு மணி ஆகிறது. தட்டுகள் நிரம்பிக் கைக்குக் கை மாறுகின்றன. ஊரிலிருந்து வந்த பாட்டி கூடத்து ஓரத்தில் அமர்ந்திருக்கிறார். பேத்தி ஒரு தட்டை நீட்டுகிறாள். "எனக்கு வேணாம் கண்ணு, மத்தியானம் சாப்பிட்டதே வயித்துல இருக்கு" என்று சொல்லிப் பாட்டி அவள் கன்னத்தைத் தடவுகிறார். விளக்கு வைத்த பின் உண்பதில்லை என்னும் நோன்பை அத்தனை விருந்தினர் நடுவே சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. பேத்திக்கும் அது தெரியாமற் போகிறது. இந்த வீட்டில் குற்றம் செய்தவர் என்று எவரையும் சுட்ட முடியாது. ஆயினும் அந்த நோன்பு பாட்டியோடு நின்றுவிடக்கூடும். பேத்தியை அடையாமற் போகக்கூடும். விருந்து தொடங்கும் நேரத்தைத் தவிர அதற்கு வேறு காரணமும் இருக்காது.

இந்த நோன்பு தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில் இடைக்குல மடந்தை மாதரி தன் மனைக்கு வந்த கோவலனும் கண்ணகியும் எத்தகையோர் என்பதை அறிந்து நடக்கிறாள். அவர்கள் சாவக நோன்பிகள். ஆதலின் பகற்பொழுதிலேயே உணவு ஆக்கியாக வேண்டும். அதற்குரிய நல்ல கலங்களைக் காலம் தாழ்த்தாமல் கொடுங்கள் என்று தன் குல மகளிரிடம் சொல்கிறாள். அவள் சமணத்தி அல்லள். விருந்தினரின் நோன்பைத் தன் வீட்டின் கடமையாக ஏற்ற ஆய்ச்சியர் குலப் பெண். அவர்கள் கொடுத்த பொருள்களையும் இளங்கோவடிகள் வரிசைப்படுத்துகிறார்: பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், சாலி அரிசி, பாலின் பயன்கள். அப்பட்டியலில் கிழங்கு ஒன்றும் இல்லை. காப்பியத்தைப் பாடமாகக் கற்பவர்கள் பெரும்பாலும் கடந்துபோகும் இடம் இது. ஆய்ச்சியர் குடிலில் கிடைத்த அந்த மதிப்பு ஒரு சமணப் பாட்டிக்குத் தன் மகன் வீட்டில் கிடைக்க வேண்டாமா?

எனவே முதலில் திருத்த வேண்டியது நேரம். தீபாவளிக் காலத்தில் சென்னையில் ஏறத்தாழ மாலை 5.40க்கும் 5.50க்கும் இடையில் கதிரவன் மறைகிறான். மறைவுக்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம் முன்னதாகவே உண்டு முடிப்பது நோன்பின் முறை. அவ்வாறெனில் விருந்தினரை மாலை மூன்று மணிக்கு அழைத்தல் வேண்டும். ஐந்து மணிக்குள் தட்டுகள் கழுவப்பட்டிருக்கும். விடுமுறை நாளில் இது இயலாத செயலன்று. அதன் பின் விளக்கேற்றி, கௌதமர் ஞானம் பெற்ற மாலையைத் துதிப்பாடல்களோடு போற்றலாம். விருந்து ஒரு பொழுதாகவும் வழிபாடு ஒரு பொழுதாகவும் பிரிந்து நிற்பது இரண்டுக்கும் நன்று. இரவுணவு நீத்தல் சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தார் ஏறும் பதினொரு நிலைகளுள் ஆறாவதாக வைக்கப்பட்டுள்ளது. அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்தது அருங்கலச்செப்பு. 'ஆறாம் நிலை எனக்கு எதற்கு' என்று இளைஞர் சிலர் கேட்பதுண்டு. நிலை ஏறாதவர்களும் தலைமுறை தலைமுறையாகப் பொழுதோடு உண்டு வந்ததே இச்சமுதாயத்தின் அடையாளமாக இருந்தது என்பதுதான் அதற்கு விடை.

சமைக்கும் நேரமும் இதில் அடங்கும். ஐப்பசி அடைமழைக் காலம். மழை ஓய்ந்த மாலையில் புற்றிலிருந்து ஈசல் புறப்படும். விளக்கை நாடி வரும் ஈசல் எண்ணெய்ச் சட்டியையும் மாவுத் தாம்பாளத்தையும் பார்த்து விலகிச் செல்வதில்லை. அலுவலகம் முடிந்து வந்து இரவு ஒன்பது மணிக்கு முறுக்குச் சுடத் தொடங்கும் வீட்டில், சன்னலைச் சாத்தினாலும் எத்தனை சிற்றுயிர் அந்த எண்ணெயில் முடிகிறது என்பதை மறுநாட் காலை அடுப்பு மேடையைத் துடைப்பவர் அறிவார். விளக்கு வைத்த பின் எண்ணெய்ச் சட்டி ஏற்றலாகாது என்னும் கட்டுப்பாட்டின் பொருள் அந்த மேடையிலேயே விளங்கும். வீட்டுப் பலகாரம் என்பதனாலேயே அது தூய்மையுடையது ஆகிவிடாது. பகலில் செய்த வீட்டுப் பலகாரமாக அது இருத்தல் வேண்டும்.

அடுத்தது மாவு. அரைத்த மாவுக்கு மழைக்காலத்தில் மூன்று நாள், கோடையில் ஐந்து நாள், குளிர்காலத்தில் ஏழு நாள் என்று திகம்பர மரபு வரம்பு வைத்திருக்கிறது. ஈரக் காற்றில் மாவு விரைவில் புழுவும் வண்டும் வைக்கும் என்பதைக் கண்டறிந்தோர் வகுத்த வரம்பு இது. தீபாவளி நாற்றிங்கள் மழைக்கால நோன்பின் இறுதியில் வருவதால் மூன்று நாள் வரம்பே பொருந்தும். ஒரு மாதம் முன்பே மாவு அரைத்து டப்பாவில் அடைத்து வைக்கும் வழக்கத்துக்கு இங்கே இடமில்லை. கடையில் விற்கும் மாவுப் பொட்டலம் எந்நாளில் அரைபட்டது என்பதை அதன் முகப்பைக் கண்டு அறிவது எளிதன்று. அரிசியையும் உளுந்தையும் பகல் வெளிச்சத்தில் ஆய்ந்து மாவு மில்லுக்குக் கொண்டு செல்வதும், அரைத்து வந்ததைச் சூடு ஆறியபின் சலிப்பதும், மூன்றாம் நாளுக்குள் அடுப்பேற்றுவதும் முறை. சிறு மாவு இயந்திரம் உள்ள வீட்டில் இது இன்னும் எளிது.

தண்ணீரையும் மறத்தலாகாது. இரட்டையாக மடித்த தடித்த துணியில் வடித்த நீருக்கு 48 நிமிடமே வரம்பு. நன்கு கொதிக்க வைத்த நீருக்கு 24 மணி நேரம். முறுக்கு மாவைக் கொதித்த நீரால் பிசைந்தால் நோன்பும் காக்கப்படும், மொறுமொறுப்பும் கூடும். நாலு பங்கு பச்சரிசிக்கு ஒரு பங்கு வறுத்த உளுந்து. எள், சீரகம், உப்பு, சிறிது வெண்ணெய். இதைத் தேன்குழல் என்று வழங்குவர். தேனைத் தொடாத சமண இல்லத்தில் தேனின் பெயர் தாங்கிய பலகாரம் வேகிறது என்று குழந்தைகள் நகைப்பதுண்டு. பெயரில் மட்டுமே தேன்.

நீர் சேர்த்துப் பிசைந்து பொரித்த பலகாரத்துக்கு ஒரு நாள் வரம்பு என்றும், நீரே படாமல் நெய்யாலும் சர்க்கரையாலும் பிடித்த உருண்டைக்கு மாவின் வரம்பு என்றும் மரபு பிரித்துச் சொல்கிறது. முனிவர்களுக்கு உணவளிப்போரும் விரதம் ஏற்றோரும் இதை வழுவாமல் காக்கின்றனர். எல்லா வீடுகளும் முறுக்கை ஒரே நாளில் உண்டு முடிக்கின்றன என்று சொல்வது உண்மையாகாது. இருப்பினும் விதியை அறிந்து வைத்திருத்தல் நன்று, ஏனெனில் அது வேலைத் திட்டத்தையும் வகுத்துத் தருகிறது. இரண்டு நாள் முன்னதாகப் பயத்தம் உருண்டை பிடிக்கலாம்: பாசிப்பருப்பைச் சிவக்க வறுத்து, அரைத்து, பொடித்த சர்க்கரை கலந்து, உருக்கிய நெய்யைச் சூட்டோடு ஊற்றிப் பிடிப்பது. ஒரு துளி நீரும் இதில் இல்லை. முறுக்கையும் தட்டையையும் விருந்து நாளின் காலையில் சுடுவது ஏற்றது. அப்படிச் செய்தால் மூன்று மணிக்கு வரும் விருந்தினருக்குப் பலகாரம் அன்றலர்ந்த மலர்போல் இருக்கும்.

அதிரசத்தில்தான் சிக்கல். ஊறிய அரிசியை நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றும் போகாமல் இடித்துச் சலித்து, வெல்லப் பாகில் கிளறி, மாவை இரண்டு மூன்று நாள் வைத்துப் பின் சுடுவது பொது வழக்கம். நாட்பட்ட ஈரமாவு நோன்புக்கு ஒவ்வாது. முதல்நாள் கிளறி மறுநாட் காலையில் சுட்டால் சுவை சிறிது குறையலாம், குறையட்டும். வெல்லத்தைக் கரைத்துத் துணியில் வடித்த பின்னரே பாகு காய்ச்சுதல் வேண்டும். வெல்லக் கட்டியில் மணலோடு எறும்பும் இருக்கும். கரைசலை அடுப்பில் ஏற்றிய பின் வடிப்பதைவிட, வெல்லத்தை முன்னமே உடைத்து ஒரு தாம்பாளத்தில் பரப்பி வைத்து, எறும்பு விலகிப் போக நேரம் கொடுத்து, அதன்பின் கரைப்பதே சாவகர்க்குரிய செயல்.

இனிக் கடைப் பெட்டிக்கு வருவோம். பெட்டியின் மேல் பச்சைப் புள்ளி இருந்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். பச்சைப் புள்ளி ஊனும் முட்டையும் இல்லை என்று மட்டுமே சொல்லும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, தேன் ஆகிய எவற்றையும் அது தடுப்பதில்லை. இனிப்பின் மேல் ஒட்டும் வெள்ளித்தாள், விலங்கின் தோல் அல்லது குடற்சவ்வு அடுக்குகளுக்கு இடையில் வைத்து அடிக்கப்பட்டு வந்த பொருள். வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் மிட்டாய்களில் 120 என்னும் எண் இருந்தால் அந்தச் சிவப்பு நிறம் பூச்சியிலிருந்து எடுத்தது. மெல்லும் இனிப்புகள் பலவற்றில் ஜெலட்டின் உண்டு. அது விலங்கின் எலும்பும் தோலும் காய்ச்சிப் பெறுவது. வாங்கியே ஆகவேண்டும் என்றால் படித்து வாங்குவது கடன்.

தடைகளை மட்டும் அடுக்கினால் இளைஞர் செவி சாய்க்க மாட்டார்கள். விருந்தில் அவர்கள் விரும்புவது சமோசா, கட்லெட், பகோடா, சிப்ஸ். இவற்றை விலக்க வேண்டியதில்லை, மாற்றினால் போதும். உருளைக்கிழங்குக்கு ஈடாக வாழைக்காய் நிற்கும். தோலோடு வேகவைத்து, உரித்து, மசித்து, வெந்த பட்டாணி, மிளகாய்த்தூள், தனியாத்தூள், சீரகம் சேர்த்து வதக்கினால் சமோசாவின் உள்ளீடு அமைந்துவிடும். மேலுறையை அன்று அரைத்த கோதுமை மாவில் திரட்டலாம். அதே மசியலைத் தட்டி, அரிசி மாவில் புரட்டி, கல்லில் இட்டுச் சிவக்க வைத்தால் கட்லெட். பச்சை இஞ்சிக்கு மாற்றாகச் சுக்குப்பொடி. உலர்ந்த சுக்கையும் மஞ்சளையும் மரபு ஏற்றுக்கொண்டது. பகோடாவுக்கு முந்திரி. வறுவலுக்கும் வாழைக்காயே. வெங்காயமில்லாத பகோடா பகோடாவே அன்று என்று வாதிடுவோர், கறிவேப்பிலையும் மிளகும் பெருஞ்சீரகமும் தாராளமாய்ச் சேர்த்த முந்திரிப் பகோடாவை ஒருமுறை உண்ட பின் வாதிடட்டும்.

விருந்துகளில் இன்று தவறாமல் இடம்பெறும் தயிர்வடை மற்றொரு சிக்கல். பருப்பு வகையும் தயிரும் ஒன்றாகச் சேர்வதைத் துவிதளம் என்று மரபு விலக்குகிறது. உளுந்து வடையைத் தயிரில் இடுவது நேரே அவ்விலக்கின்கீழ் வரும். வேர்க்காய்களை விடாது விலக்கும் வீடுகளிலும் இது அறியாமல் நுழைந்துவிடுகிறது. தயிரில் ஊறிய ஒன்று வேண்டுமாயின், அரிசி மாவை வெந்நீரில் கிளறிச் சிறு மணிகளாக உருட்டி, ஆவியில் வேகவைத்துத் தயிரில் இடலாம். தாளிப்பில் உளுத்தம்பருப்பு கூடாது. கடுகும் கறிவேப்பிலையும் போதும். மேலே மாதுளை முத்துகளைத் தூவினால் கண்ணுக்கும் இனிது.

குழந்தைகள் விடாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மல்லாட்டையும் மண்ணுக்குள்ளதானே விளையுது? அத மட்டும் ஏன் சாப்பிடறோம்?" திண்டிவனம், வந்தவாசிப் பகுதியில் காலங்காலமாக நிலக்கடலை பயிரிட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இதைக் கேட்பது இயல்பே. கிழங்கு ஓருடலில் எண்ணற்ற உயிர்கள் உறையும் அனந்தகாயம், துண்டாக்கினாலும் முளைக்கும், தோண்டினால் செடி முழுதும் அழியும். கடலையோ பூவிலிருந்து விழுது இறங்கி மண்ணில் முதிரும் காய், உள்ளிருப்பது விதை, செடி தன் பருவம் முடிந்து காயும்போது எடுப்பது. இவ்வளவையும் எடுத்துச் சொன்னால் குழந்தைகள் ஏற்பார்கள். 'பெரியவர்கள் சொன்னால் கேள்' என்று அடக்கினால், கல்லூரி விடுதிக்குச் சென்ற முதல் வாரத்திலேயே உருளைக்கிழங்கு தட்டில் ஏறிவிடும்.

பலகாரத்தின் வடிவத்தைப் பற்றியும் ஒரு சொல். இக்காலத்தில் மாவை மீனாகவும் கோழியாகவும் முயலாகவும் வெட்டும் அச்சுகள் விற்கப்படுகின்றன. குழந்தைகளுக்கு விளையாட்டு, பெற்றோருக்கு மகிழ்ச்சி. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியம் இதற்கு நேர் மறுமொழி. தீக்கனா ஒன்றின் பொருட்டுத் தேவிக்கு உயிர்ப்பலி இட வேண்டும் என்கிறாள் தாய் சந்திரமதி. உயிர்க்கொலைக்கு உடன்படாத அரசன் யசோதரன், தாயின் சொல்லையும் தட்ட இயலாமல், மாவினால் செய்த கோழியை வாளால் வெட்டுகிறான். குருதி சிந்தவில்லை, ஓர் உயிரும் மாளவில்லை. ஆயினும் கொல்லும் எண்ணத்தோடு செய்த அச்செயலுக்காகத் தாயும் மகனும் பிறவிதோறும் விலங்காகவும் பறவையாகவும் பிறந்து வருந்தினர் என்கிறது காவியம். பிஸ்கட் வெட்டும் குழந்தைக்கு அந்த எண்ணம் இல்லை என்பது உண்மையே. அக்குழந்தையைப் பாவி என்று எவரும் சொல்லார். ஆனால் கோழி வடிவத்தைக் கடித்துத் தின்னும் பழக்கத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் தேவை என்ன? பிறை, மீன்மினி, தாமரை, திங்கள்முக்குடை என்று எத்தனையோ வடிவங்கள் இருக்கின்றன. அச்சை மாற்றும்போதே காவியக் கதையையும் சொல்லலாம். பள்ளிப் பாடத்தில் அதற்கு இடம் கிடைப்பது அரிது.

இவ்வளவும் கேட்டபின் தாய்மார்களின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழும். இத்தனையையும் செய்வது யார்? அது நியாயமான கேள்வி. பொழுதுக்குள் சமை, மூன்று நாளுக்குள் அரை, வடித்த நீரில் பிசை என்று மேடையில் சொல்வோர் பெரும்பாலும் ஆடவர். அடுப்பருகே நிற்போர் பெண்டிர். அலுவலகமும் சென்று, பிள்ளைகளையும் பேணி, தீபாவளிக்கு முந்தைய மூன்று நாளும் எண்ணெய்ப் புகையில் நிற்கும் ஒருத்தி கடைப் பெட்டியை நாடினால், அவளை நோன்பு மறந்தவள் என்று பேசுவது அறமாகாது. வீட்டுப் பலகாரம் அழிந்து வருவதற்கு மேல்நாட்டு நாகரிகத்தைக் காரணம் காட்டுவோர் உளர். வேலை ஒருவர் தோளிலேயே விழுந்ததுதான் பெரிய காரணம்.

முன்பு கூட்டுக் குடும்பத்தில் படிக்கணக்கில் சுட்டார்கள். சுடுவதற்குப் பல கைகளும் இருந்தன. இன்று நால்வர் உள்ள வீட்டுக்கு ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போதும். ஒன்பது வகை வேண்டியதில்லை; ஓர் இனிப்பு, ஒரு காரம், ஒரு வறுவல் போதும். தானியம் ஆய்வதும், மில்லுக்குச் சென்று வருவதும், வெல்லம் உடைப்பதும், முறுக்கு அச்சைப் பிழிவதும் ஆடவர் கைகளுக்கு அரியன அல்ல. அச்சுப் பிழிய வலிமையான கை வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க. ஒரே பகுதியில் வாழும் நான்கு குடும்பங்கள் ஒன்றுகூடி, ஒரு வீட்டில் முறுக்கு, மறு வீட்டில் உருண்டை, இன்னொரு வீட்டில் வறுவல், வேறொரு வீட்டில் வாழைக்காய்ச் சமோசா என்று பகிர்ந்துகொண்டால் ஒவ்வொருவருக்கும் அரைநாள் வேலையே. அறக்கட்டளையின் மகளிர் அணியும் இளைஞர் அணியும் இணைந்து திருநாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையில் இதற்கென ஒரு பயிற்சி நடத்தினால், முறுக்கு அச்சைப் பிடித்தறியாத மாப்பிள்ளைகளுக்கும் பயன்படும்.

அயலாரோடு தட்டு மாற்றும் வழக்கம் பற்றிச் சிலர் தயங்குகின்றனர். அவர்கள் தரும் பலகாரத்தில் வெங்காயமோ பூண்டோ இருக்குமே, என் செய்வது? அன்போடு தருவதை இரு கைகளாலும் வாங்கிக்கொள்வதே முறை. உண்ணத் தகாதது இருப்பின் அதை உண்போரிடம் மனமுவந்து சேர்ப்பித்துவிடலாம். தந்தவர் முகத்தின் எதிரே விதிகளை விரித்துரைப்பது சாவகர்க்கு அழகன்று. ஒருமுறை கனிவாகச் சொல்லி வைத்தால் அவர்களே அடுத்த ஆண்டு தனியாக எடுத்து வைப்பார்கள். மாதரியின் வழித்தோன்றல்கள் இந்நாட்டில் இன்றும் குறைவில்லை.

இவ்வில்லங்களிலிருந்து செல்லும் தட்டுக்கோ வேறொரு சிறப்பும் உண்டு. அந்த அமாவாசையில் கேதார கௌரி நோன்பு நோற்கும் வீடுகள் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் ஏராளம். அமாவாசைக்கு மறுநாள் முருகன் அடியார்களின் கந்த சஷ்டி விரதம் தொடங்குகிறது. ஆறு நாளும் வெங்காயம் பூண்டு தொடாதவர் பலர். அந்நாட்களில் எந்த வீட்டுப் பலகாரத்தைத் தொடுவதற்கும் அவர்கள் இருமுறை கேட்டறிவார்கள். நயினார் வீட்டிலிருந்து தட்டு வந்திருக்கிறது என்றால் எதுவும் கேட்காமல் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.